எந்த விளக்கின் கீழ் பூக்கும் துவரை?

வயலில் துவரை ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும். ஆய்வு உதவித்தொகையோ ஐந்து ஆண்டுகளில் முடிந்துவிடும். இரண்டு ரகங்களைக் கலப்பினம் செய்து, அதன் சந்ததியைத் தன்மகரந்தச் சேர்க்கையின் வழியே ஐந்தாறு தலைமுறை நடத்திச் சென்றால்தான் பண்புகள் ஒருவாறு நிலைபெற்ற வரிசைகள் கைக்கு வரும். முதல் ஆண்டு பாடநெறியிலும் தலைப்பு உறுதி செய்வதிலும் கழியும். எஞ்சும் நான்கு ஆண்டுகளில் நான்கு விதைப்பு, நான்கு அறுவடை. அவற்றுள் ஒன்றைக் காய்ப்புழு தின்றுவிட்டால் மூன்று. துவரையைத் தன் ஆய்வுப் பயிராகக் கொண்டு தருமபுரிப் பக்கத்திலிருந்து ஹைதராபாத்துக்கு வந்த மாணவி ஒருவர் இக்கணக்கை முதல் வாரத்திலேயே குறிப்பேட்டில் எழுதிப் பார்த்துவிட்டார். அதற்குப் பின் அவருடைய முனைவர் பட்டத்தின் முதன்மைக் கேள்வி மரபியல் சார்ந்ததாக இருக்கவில்லை. துவரையை எந்த விளக்கின் கீழ் வைத்தால் விரைந்து பூக்கும் என்பதாக மாறிற்று.

துவரை குறும்பகல் தாவரம். பகல் குறுகி இரவு நீளும்போது பூக்கத் தொடங்கும். ஆடியில் விதைத்த துவரை ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து தை மாதம் காய்த்து நிற்கும். அதே ரகத்தை ஐப்பசி கடந்து விதைத்தால் இடுப்பளவு வளர்வதற்குள் பூத்துவிடும். பட்டம் பார்த்து விதைக்கும் உழவர் எவருக்கும் இது தெரிந்ததே. ஹைதராபாத் 17 பாகை வடக்கு அட்சத்தில் உள்ளது. அங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ இரண்டே மணி நேரம். மனிதர்கள் கவனிக்காமலே கடந்துபோகும் அந்த இரண்டு மணி நேரத்தைத் துவரை நிமிடக் கணக்கில் அளந்துகொண்டிருக்கிறது.

தாவரங்கள் இவ்வாறு பகலையும் இரவையும் அளக்கின்றன என்பதை முதலில் காட்டிய செடிகளுள் ஒன்று கஞ்சா என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். ஜூலியன் டூர்னுவா என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் 1910களின் தொடக்கத்தில் ஹாப்ஸ் கொடியையும் சணற்கஞ்சாவையும் வைத்து ஆராய்ந்தார். நாளுக்குச் சில மணி நேரமே வெளிச்சம் பெற்ற இளஞ்செடிகள் பருவத்துக்கு முன்னரே பூத்தன. ஒளி குறைந்ததைவிட இரவு நீண்டதே காரணம் என்னும் முடிவை அவர் நெருங்கிவிட்டார். முதல் உலகப்போர் அவரைக் கொண்டுபோயிற்று. ஆய்வு அங்கேயே நின்றது. 1920இல் கார்னரும் அல்லார்டும் புகையிலையிலும் சோயாவிலும் இதையே நிறுவி ஒளிக்காலத்துவம் என்ற துறைக்கு அடித்தளம் இட்டனர். பாடநூல்களில் அவர்கள் பெயர் நின்றது. டூர்னுவாவின் பெயர் அடிக்குறிப்புக்குப் போயிற்று.

இன்று செடி வளர்க்கும் விளக்குகளைப் பற்றிச் சந்தையில் வழங்கும் மொழியில் பெரும்பகுதி அந்தப் பழைய சோதனைச் செடியிலிருந்தே திரும்பி வந்தது. பன்னிரண்டு மணி நேர இருட்டு கொடுத்துப் பூக்கவைக்கும் முறை, வளர்ச்சிக்கு ஒன்றும் பூப்புக்கு ஒன்றுமாக விளக்கில் இரண்டு பொத்தான்கள் வைக்கும் வழக்கம் ஆகியவற்றை, சட்டம் அனுமதித்த வெளிநாடுகளில் வளர்ந்த உள்ளறைக் கஞ்சாத் தொழில்தான் பரப்பிற்று. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி உரிய அனுமதியின்றி அதைப் பயிரிடுவது குற்றம். ஆகவே ஹைதராபாத்தில் ஒருவர் 'வளர்ப்பு விளக்கு' வேண்டும் என்று கடையில் கேட்டால், விற்பவர் முகத்தில் ஒரு சிறு புன்னகை எழும். துவரைக்கு என்று சொன்னால் அப்புன்னகை அகன்று குழப்பமாகும். இருநூறு ரூபாய்க்குள் கிலோ கிடைக்கும் பருப்புக்கு ஆயிரக்கணக்கில் விளக்கா என்ற குழப்பம் அது. விலைக்கணக்கில் அவர் கேள்வி நியாயமானதே. பருப்பு எவருக்கும் தேவையில்லை, ஆண்டுகள்தாம் தேவை என்பதை அவரிடம் எப்படி விளக்குவது?

விளக்குகளை ஒப்பிடுவதில் உள்ள முதற்சிக்கல், விளக்கு செடிக்குச் செய்யும் வேலை ஒன்றல்ல, இரண்டு என்பதே. ஒன்று உணவு: ஒளிச்சேர்க்கைக்குத் தேவையான ஃபோட்டான்களை அள்ளிக் கொடுப்பது. மற்றொன்று கடிகாரம்: இது பகல், இது இரவு என்று அறிவிப்பது. முதல் வேலைக்கு வெளிச்சம் மிகுதியாக வேண்டும். இரண்டாம் வேலைக்கு மிகச் சிறு வெளிச்சமே போதும்; நள்ளிரவில் சில நிமிடம் எரியும் ஒரு குண்டு பல்பு கூடச் சில செடிகளின் இரவை இரண்டாக அறுத்துவிடும். 1938இல் ஹாம்னரும் பான்னரும் ஒட்டாரைச் செடியில் இதைக் காட்டினர். பகலின் நடுவே இருட்டைப் புகுத்தினால் செடி பொருட்படுத்தவில்லை. இரவின் நடுவே ஒளியைப் புகுத்தினால் பூக்க மறுத்தது. குறும்பகல் தாவரம் என்ற பெயரே தவறு, நெடுமிரவுத் தாவரம் என்றல்லவா சொல்லவேண்டும் என்று வகுப்பில் எல்லாரும் ஒருமுறை கேட்பார்கள். கேள்வி சரிதான். பெயர் நின்றுவிட்டது.

இந்தக் கடிகாரத்தின் முள் ஃபைட்டோகுரோம் என்னும் நிறமி. 660 நானோமீட்டர் அருகிலுள்ள சிவப்பொளி அதை ஒரு வடிவத்துக்குத் தள்ளும். 730 அருகிலுள்ள தூரச்சிவப்பொளி திரும்ப இழுக்கும். நம் கண்ணுக்குத் தூரச்சிவப்பு ஏறக்குறைய தெரியாது. செடிக்கோ அது ஒரு செய்தி. மேலே வேறோர் இலை இருக்கிறது, நிழல் விழுகிறது, காலம் குறைவு, விரைந்து பூத்துவிடு என்பது போன்ற செய்தி. பழைய டங்ஸ்டன் பல்பில் தூரச்சிவப்பு மிகுதி. சிஎஃப்எல் விளக்கிலும் குழல் விளக்கிலும் மிகச் சொற்பம். நீலச் சில்லின்மேல் பாஸ்பர் பூசிச் செய்யும் சாதாரண வெள்ளை எல்இடியிலும் குறைவே. கண்ணுக்கு மூன்றும் ஒரே வெள்ளை. செடிக்கு மூன்றும் மூன்று வேறு பொழுதுகள்.

ஹைதராபாத்தைச் சுற்றியும் தெற்கேயும் உள்ள உழவர்கள் இதை ஆய்வகம் இல்லாமலே கையாள்கிறார்கள். சிக்கபள்ளாப்பூர், ஓசூர் பக்கம் இரவில் பயணம் செய்பவர்கள் வயல் முழுவதும் பல்புச் சரங்கள் எரிவதைக் கண்டிருப்பார்கள். அது சாமந்தி. பூத்துவிடாமல் தடுத்துத் தண்டை நீளவிடுவதற்காக இரவை அறுக்கிறார்கள். வேண்டிய உயரம் வந்ததும் விளக்கை அணைத்துப் பூக்கவிடுகிறார்கள். தெலங்கானாவில் டிராகன் பழம் பயிரிடுவோர் சிலர் குளிர்காலத்தில் அதே எல்இடி பல்புகளை எரிப்பதோ பூக்கவைப்பதற்காக, ஏனெனில் அது நீள்பகல் தாவரம். ஒரே கடையில் வாங்கிய ஒரே பல்பு ஒரு வயலில் பூவைத் தடுக்கிறது, இன்னொன்றில் வரவழைக்கிறது. 'பூப்புக்கு ஏற்ற சிறந்த விளக்கு' என்று பெட்டியில் அச்சிட்டு விற்பவர்கள் எந்தச் செடிக்கு என்று அச்சிடுவதில்லை.

துவரைக்கான விடை ஹைதராபாத்திலேயே, படான்செருவில் இருந்தது. 1972இல் தொடங்கப்பட்ட இக்ரிசாட் நிறுவனம் அங்கே பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட துவரை வகைகளின் விதைகளைக் காத்துவருகிறது. ஸ்பீடு பிரீடிங் எனப்படும் விரைவுப் பயிர்ப்பெருக்க முறை கோதுமை, பார்லி, கொண்டைக்கடலை போன்ற நீள்பகல் பயிர்களில்தான் முதலில் வெற்றி கண்டது. நாளுக்கு 22 மணி நேரம் விளக்கெரித்தால் போதும், அவை ஓடி ஓடிப் பூக்கும். குறுகிய வயதுக் கொண்டைக்கடலையில் ஆண்டுக்கு ஏழு தலைமுறை வரை எடுக்க முடிந்ததாக இக்ரிசாட் ஆய்வாளர்கள் 2020இல் எழுதினார்கள். துவரையில் இதைச் செய்தால் செடி பெரிதாகிக்கொண்டே போகும்; பூக்காது. எனவே அங்கே ஒரே விளக்கு, ஒரே நேரம் என்ற எண்ணத்தையே கைவிட வேண்டியிருந்தது. 2024இல் வெளியான அவர்களுடைய முறை வாழ்க்கையை மூன்றாகப் பிரிக்கிறது. வளரும் பருவத்தில் 13 மணி நேர ஒளி, பூக்கும் பருவத்தில் 8 மணி நேரம், காய் முற்றும் பருவத்தில் மீண்டும் 13 மணி நேரம். வளர்வதற்கும் காய் பிடிப்பதற்கும் 5700 கெல்வின் வெள்ளை எல்இடி ஏற்றதாக இருந்தது. பூப்பை விரைவுபடுத்தியது 735 நானோமீட்டர் தூரச்சிவப்பு. ஆண்டுக்கு நான்கு தலைமுறை. பதின்மூன்று ஆண்டுகள் பிடித்த ரக உருவாக்கத்தை இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் முடிக்கலாம் என்று நிறுவனம் அறிவித்தது. 45 பாகை வெப்பத்தையும் தாங்கி 125 நாளில் முதிரும் ஐசிபிவி 25444 என்ற ரகத்தை இம்முறையின் துணையோடு உருவாக்கி 2025இல் வெளியிட்டும் காட்டியது.

அந்த மாணவி இந்தக் கட்டுரையை எத்தனை முறை படித்தாரோ, நகலின் ஓரங்கள் நைந்துபோயின. ஆயின் ஒரு பெரிய நிறுவனத்தின் அறையில் நடந்ததை, ஒரு பல்கலைக்கழகத் துறையின் மூன்றடுக்கு இரும்பு அலமாரியில் நடத்துவது வேறு காரியம். கொள்முதல் படிவத்தில் விளக்கின் திறனை வாட்டில் குறிக்கக் கட்டம் இருந்தது; வெளிச்சத்தை லூமெனில் குறிக்கக் கட்டம் இருந்தது; செடிக்கு வேண்டியதைக் குறிக்கக் கட்டம் இல்லை. லூமெனும் லக்ஸும் மனிதக் கண்ணுக்காகச் செய்யப்பட்ட அலகுகள். பச்சைக்கு மிகுந்த மதிப்பெண்ணும் சிவப்புக்கும் நீலத்துக்கும் குறைந்த மதிப்பெண்ணும் தூரச்சிவப்புக்குப் பூச்சியமும் போடுபவை. செடிக்கு வேண்டியது ஒரு சதுரமீட்டரில் ஒரு நொடியில் விழும் ஃபோட்டான்களின் எண்ணிக்கை, மைக்ரோமோலில். நண்பகல் வெயிலில் அது 2000ஐத் தொடும். ஒளியூட்டிய அலமாரியில் 300 கிடைத்தாலே நன்று. கைபேசியில் லக்ஸ் செயலியை இறக்கி விளக்குகளை ஒப்பிடும் மாணவர்கள் தராசில் துணியை அளக்கிறார்கள்.

குறைந்த விலைப்புள்ளி வென்றது. வந்தவை ஊதா விளக்குகள்: சிவப்பும் நீலமும் மட்டும். அவை பயனற்றவை என்று சொல்ல முடியாது. ஒளிச்சேர்க்கைக்கு நன்றாகவே உதவும். ஆனால் அந்த ஒளியில் எல்லா இலையும் கருப்பாகத் தெரியும். மலட்டுத் தேமல் நோயின் இளமஞ்சள் புள்ளியைக் கண்ணால் பிரித்தறிய வழியில்லை. ஒவ்வொரு தொட்டியையும் தாழ்வாரத்துக்கு எடுத்துவந்து பார்க்கவேண்டும். துவரை ஆய்வில் இது சிறிய இடையூறு அன்று. பிறகு அவர் தம் தற்செயல் செலவு நிதியிலிருந்து வெள்ளை எல்இடிக் குழல்களையும் தூரச்சிவப்புப் பட்டைகளையும் வாங்கி, மேலடுக்கில் ஊதா, நடுவில் வெள்ளை, கீழே வெள்ளையும் தூரச்சிவப்பும் என்று அமைத்தார்.

இவ்விடத்தில் எல்லா ஆய்வு மாணவர்களும் ஒரு கணம் நிற்கவேண்டும். ஓர் அடுக்கில் முப்பது தொட்டி வைத்தால் முப்பது மறுபடிவங்கள் ஆகிவிடாது. விளக்கு ஒன்று, அடுக்கு ஒன்று. எனவே மறுபடிவமும் ஒன்றே. மேலடுக்கு எப்போதும் இரண்டு பாகை வெப்பம் மிகுந்தது என்றால், ஊதாவின் கீழ் முந்திப் பூத்தது ஒளியாலா வெப்பத்தாலா? கரையிலுள்ள தொட்டிக்கு நடுவிலுள்ளதைவிடக் குறைந்த ஒளியே விழும். அவருடைய நெறியாளர் இதில் தளர்வே காட்டாதவர். ஒவ்வொரு விதைப்பின்போதும் விளக்குகளை அடுக்கு மாற்றிப் பொருத்த வைத்தார். மூன்று சுற்று முடியுமுன் எந்த வரைபடத்தையும் தம்மிடம் காட்டக்கூடாது என்றார். இணையத்தில் கொட்டிக்கிடக்கும் 'விளக்கு ஒப்பீட்டுச் சோதனைகள்' பெரும்பாலும் இந்த ஒரு வடிகட்டியில் நின்றுவிடும். ஒருவர் அறையில் ஒரு விளக்கு, இன்னொருவர் அறையில் இன்னொன்று, முடிவில் எடை. அதில் விளக்கைத் தவிர எல்லாமும் மாறியிருக்கும்.

விளக்கின் செலவைப் பற்றியும் நம்பிக்கைகள் பல. எல்இடி என்றாலே சிக்கனம் என்பது அவற்றுள் ஒன்று. 2014இல் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் நெல்சனும் பக்பீயும் அளந்தபோது, மிகச் சிறந்த சோடியம் ஆவி விளக்கும் மிகச் சிறந்த எல்இடியும் ஒரு ஜூலுக்கு 1.7 மைக்ரோமோல் என்று சமமாகவே நின்றன. விலையில் எல்இடி பல மடங்கு. அதன் பிறகே நிலைமை மாறியது. நல்ல எல்இடிகள் இப்போது 3ஐ எட்டிவிட்டன. ஒரு சதுரமீட்டர் அடுக்குக்கு 300 மைக்ரோமோல், நாளுக்கு 13 மணி நேரம் என்று கொண்டால், ஒளி சிந்தாது என்ற கணக்கில், நல்ல எல்இடிக்கு நாளொன்றுக்கு 1.3 யூனிட் மின்சாரம் ஆகும். சோடியம் விளக்குக்கு 2.3, பழைய குழல் விளக்குக்கு நான்குக்கு மேல். உள்ளே புகும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் கடைசியில் வெப்பமாகி அறையில் நிற்கும் என்பதையும், அதை மே மாத ஹைதராபாத்தில் குளிர்சாதனம் வெளியே தள்ளவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், குழல் விளக்கு மலிவானது என்ற பேச்சுக்கு இடமில்லை.

ஆனால் துவரையின் பூப்பில் இந்தக் கணக்குகளையெல்லாம் தோற்கடிக்கக் கூடியது ஒரு கதவு. வளர்ப்பறையின் கதவு. இரவுக் காவலர் ஒவ்வோர் அறையையும் திறந்து, விளக்கைப் போட்டுப் பார்த்து, பதிவேட்டில் கையொப்பம் இடவேண்டும் என்பது விதி. பதினாறு மணி நேர இருட்டு வேண்டிய செடிகளுக்கு நள்ளிரவில் ஒரு குழல் விளக்கு இரண்டு நிமிடம் எரிந்தால் என்ன ஆகும் என்பதை முன்பே உணர்ந்திருந்த மாணவி, பூப்புப் பருவம் தொடங்கும் மாலையிலேயே காவலரைச் சந்தித்தார். காவலர் அறுபதை நெருங்கியவர், நல்கொண்டாப் பக்கத்துக்காரர், சொந்தத்தில் இரண்டு ஏக்கர் செம்மண் நிலம் உடையவர்.

"செடிக்கும் தூக்கம் கெடுமா, மேடம்?" என்று தெலுங்கில் கேட்டார்.

"கெடும் அன்னா. நடுவில் எழுப்பினால் இரவு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும்."

அவர் சற்று யோசித்துவிட்டு, தம் நிலத்தில் தெருவிளக்குக் கம்பத்தின் அடியில் நிற்கும் வரிசை மட்டும் ஏன் பிந்திப் பூக்கிறது என்பது இப்போது புரிகிறது என்றார். பதிவேட்டைக் கதவின் வெளிப்புறத்தில் ஆணியில் மாட்டித் தரும்படி அவரே கேட்டார். அன்று முதல் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வெளியிலேயே கையொப்பம் இட்டார். துறை அலுவலகத்திலிருந்து எந்த அனுமதிக் கடிதமும் இதற்குத் தேவைப்படவில்லை. கடிதம் கேட்டிருந்தால் ஒரு தலைமுறை போயிருக்கும்.

துவரை ஓராண்டுப் பயிராகவே நீடிப்பதால் யாருக்கு என்ன இழப்பு என்று கேட்கலாம். உலகிலேயே மிகுதியாகத் துவரை விளைவிப்பதும் உண்பதும் இந்தியாதான். போதாமல் மியான்மரிலிருந்தும் மொசாம்பிக், தான்சானியா, மலாவி போன்ற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் இறக்குமதி செய்கிறது. ஹைதராபாத்துக்கு மேற்கே உள்ள தாண்டூரின் துவரைக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வட்டாரத்தில் ஒருமுறை வாடல் நோய் பரவினால், எதிர்ப்புத்திறனுள்ள மாற்று ரகம் உழவர் கைக்கு வர ஒரு தலைமுறை மாணவர்களே பட்டம் பெற்று வெளியேறிவிடுவார்கள். தமிழ்நாட்டின் சாம்பாரும் தெலங்கானாவின் பப்பும் இந்த மெதுவான கடிகாரத்தை நம்பித்தான் கொதிக்கின்றன.

மூன்று சுற்றுகள் முடிந்தபின் அந்த அலமாரியில் கண்டது படான்செருவின் முடிவோடு ஒத்தே சென்றது. வெள்ளையோடு தூரச்சிவப்பு சேர்ந்த அடுக்கு, எந்த உயரத்தில் இருந்தாலும், முதலில் மொட்டு விட்டது. வெள்ளை மட்டும் பெற்றது பின்தொடர்ந்தது. ஊதா விளக்கின் கீழ் செடிகள் குட்டையாகவும் அடர்த்தியாகவும் அழகாகவும் இருந்தன. அவற்றின் அழகு ஆய்வேட்டுக்கு உதவவில்லை. எனினும் ஊதா விளக்குகள் வீணாகவில்லை. நாற்றுப் பருவத்துக்கு அவற்றையே பயன்படுத்திக்கொண்டார். உள்ளறையில் தேனீ வராததால் அயல் மகரந்தக் கலப்பு அச்சமும் இல்லை. வயலில் வலை கட்டி மாளாத வேலை அது. காய் முற்றிக் காயும்வரை காத்திராமல், விதை முளைக்கும் பக்குவம் அடைந்ததுமே பச்சைக் காயைப் பறித்து உலர்த்தி விதைத்தார். அதில் கிடைத்த வாரங்கள் விளக்கில் கிடைத்தவற்றுக்குக் குறைந்தவை அல்ல. இதையும் விளக்கின் கணக்கிலேயே சேர்த்து எழுதும் கட்டுரைகள் உண்டு. அவர் தம் ஆய்வேட்டில் இரண்டையும் தனித்தனி அட்டவணையாகவே வைத்திருக்கிறார்.

இப்போது மீதமிருக்கும் தொல்லை மின்வெட்டு. மலிவான சுழல் டைமர் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும்; நாற்பது நிமிடம் போய் வந்தால் செடியின் இரவும் நாற்பது நிமிடம் தள்ளிப்போகும். ஒரு மழைக்காலத்தில் ஐந்தாறு முறை இப்படி நேர்ந்தால் விடியற்காலை எப்போது என்று செடிக்கும் தெரியாது, மாணவருக்கும் தெரியாது. சென்ற வாரம் கோட்டிப் பக்கத்து ட்ரூப் பஜாரில் கடை கடையாக ஏறி இறங்கி, மின்கலத்தோடு கூடிய டிஜிட்டல் டைமர் மூன்று வாங்கி வந்திருக்கிறார். கடைக்காரர் எதற்கு என்று கேட்டிருக்கிறார். துவரைக்கு என்று இவர் சொல்ல, அவர் வியப்பேதும் காட்டாமல், மீன்தொட்டிக்கும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்று ரசீது எழுதியிருக்கிறார். ஐந்தாம் தலைமுறை விதைகள் இன்று காலை ஊறவைக்கப்பட்டன.